மடிப்புக்குள் ஒரு வரி

மேடையின் நடுவே வீற்றிருக்கும், இந்த அருங்காட்சியகத்தின் அத்தனை சாவிகளையும் அத்தனை கவலைகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் சுமக்கும் இயக்குநர் ஐயா அவர்களே! ஏட்டுக்கு ஒரு சுருக்கம் விழுந்தாலும் தன் நெற்றியில் இரண்டு சுருக்கம் விழ வைத்துக்கொள்ளும் எங்கள் புத்தக டாக்டர் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக முன் வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை ஒரு மடியிலும் பையை மறு மடியிலும் வைத்து, இரண்டையும் நழுவவிடாமல் என் பேச்சையும் பிடித்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! கண்ணாடி என்று ஒன்று எதிரில் நின்றால் அதில் நெற்றியை ஒட்டித்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் குட்டிச் செல்வங்களே! அந்த நெற்றி அச்சைத் துடைத்துத் துடைத்தே தோள் தேய்ந்த துப்புரவுத் தோழர்களே! கழுத்திலே விசில், கண்ணிலே கண்டிப்பு, சக்கர நாற்காலியிலே சிம்மாசனம் என்று அமர்ந்து, நான் எப்போது தப்புச் செய்வேன் என்று காத்திருக்கும் விசில் டீச்சர் அவர்களே! இரண்டாம் வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையிலேயே வைத்திருக்கும் பல் மருத்துவரும், என் மனைவியுமாகிய டாக்டரம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பெட்டிக்காரனின் பணிவான வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் எல்லாவற்றையும் இப்போதே தட்டித் தீர்த்துவிடாதீர்கள். கடைசியில் கொஞ்சம் தேவைப்படும். என் மனைவி எனக்கு இருபது நிமிடம் அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன நேரத்துக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் இந்த ஊரில் எவரும் இல்லை. நானும் மீற மாட்டேன்.

பின் வரிசையில் கேட்கிறதா? கேட்கவில்லை என்று கை காட்டுகிறார் ஒருவர். நான் கேட்ட கேள்வி மட்டும் எப்படி ஐயா கேட்டது? சரி, சரி, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அன்பர்களே! நான் பேச்சாளன் அல்லன். பெட்டி செய்பவன். வீட்டில் கேட்டால் 'ஷோகேஸ் வேலை' என்பார்கள். பட்டறையில் கேட்டால் 'கண்ணாடிப் பெட்டி' என்பார்கள். மேடை ஏறினால் மட்டும் அது 'காட்சிப் பேழை' ஆகிவிடுகிறது. பெயர் உயர்ந்தாலும் ஆணி அதே ஆணிதான். வாசலில் என்னைப் பார்த்த ஒருவர் கேட்டார்: "ஏங்க, ஒரு புத்தகத்தைப் பெட்டியில வெச்சுப் பூட்டறதுக்கு எட்டு மாசமா?" நியாயமான கேள்வி. நானும் இந்தத் தொழிலுக்கு வருமுன் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய புத்தகத்துக்குப் பகை எது? வெளிச்சம் பகை. வெப்பம் பகை. ஈரம் பகை. ஈரமே இல்லாமல் போனால் அதுவும் பகை. உங்கள் மூச்சு பகை. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மூச்சும் பகைதான். அட, பகையைத் தடுக்க ஒரு பெட்டி செய்கிறோமே, அந்தப் பெட்டியாவது நண்பனா? அதுவும் பகை! புதுப் பலகை வாசனையாக இருக்கிறதே என்று நாம் முகர்ந்து மகிழ்கிறோம். அந்த வாசனைதான் பூட்டிய பெட்டிக்குள் நின்று, ஏட்டை மெல்ல மெல்லத் தின்கிறது. வர்ணம் மூச்சு விடும். பசை மூச்சு விடும். துணி மூச்சு விடும். எது நல்ல மூச்சு, எது கெட்ட மூச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு எங்களிடம் ஒரு ஜாடி இருக்கிறது. பேழையில் போடப் போகும் பொருளில் ஒரு துண்டு, கூடவே வெள்ளி ஒரு துண்டு, செம்பு ஒரு துண்டு, ஈயம் ஒரு துண்டு, சிறிது தண்ணீர். மூடியை இறுக்கி, வெந்நீர்ச் சூட்டில் இருபத்தெட்டு நாள் வைக்க வேண்டும். இருபத்தேழு நாள் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். புத்தக டாக்டர் ஜாடியின் மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தெட்டாம் நாள் திறக்கும்போது ஈயம் வெளுத்திருந்தால், வெள்ளி கறுத்திருந்தால், அந்தப் பொருளுக்குப் பேழையில் இடம் இல்லை. என் முதல் பேழைக்கு நான் ஆசை ஆசையாக இழைத்து வைத்த பலகை அந்த ஜாடியில் தோற்றது. அது இப்போது எங்கள் வீட்டில் செருப்பு வைக்கும் அலமாரியாக இருக்கிறது. செருப்புகள் எந்தப் புகாரும் சொல்லவில்லை.

இந்த இருபத்தெட்டு நாளை மட்டும் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என் தலையில் இறங்கப் போகிறது.

இனிக் கதைக்கு வருகிறேன். ஓராண்டுக்கு முன் ஒரு காலை. இந்தக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் ஒரு சக்கர நாற்காலி ஏறி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஆட்டோக்காரர். நாற்காலியில் இருந்தவர் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு புத்தகம். உள்ளங்கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கும் அளவு. மேகம் எப்படித் திரளும், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் மழை வரும் என்று சொல்லும் பழைய அச்சுப் புத்தகம். தேடியவர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள், இன்னொரு பிரதி இதுவரை அகப்படவில்லை. அதைவிட அதிசயம், அதன் ஓரங்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் மழை என்றைக்கு விழுந்தது என்று அந்த வீட்டார் நான்கு தலைமுறையாக ஓரத்தில் எழுதி வந்திருக்கிறார்கள். அச்சடித்தவர் சொன்னது நடுவில், வானம் சொன்னது ஓரத்தில்!

இயக்குநர் ஐயாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். டீச்சர் புத்தகத்தைத் தரவில்லை. விரலைத்தான் நீட்டினார்.

"ஒரு கண்டிஷன். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைத்தான் திறந்து வைக்கணும். அங்க ரெண்டு பக்கமும் சேர்ற மடிப்புக்குள்ள எங்கம்மா ஒரு வரி எழுதியிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் அதைப் படிக்கணும்."

"தாராளமா டீச்சர்! போட்டோ எடுத்து, பெருசாக்கி, பக்கத்துச் சுவர்லயே மாட்டிடலாம்."

"போட்டோதான் வேணும்னா நான் போட்டோவே தர்றேன். புக்கு எதுக்கு உங்களுக்கு?"

ஐயா சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அளவெடுக்கப் போன நான் தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "ஓரம் இவ்வளவு இருக்க, உங்கம்மா ஏன் டீச்சர் மடிப்புக்குள்ள போய் எழுதினாங்க?"

டீச்சர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஓரத்தை நல்லாப் பாரு தம்பி. எள்ளுத்தாத்தா, கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. எல்லாம் ஆம்பளைங்க எழுதி நிரப்பிட்டாங்க. எங்கம்மாவை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. அப்பா எழுதறதைப் பாத்துப் பாத்துத் தானா எழுத்துக் கூட்டிக் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த மடிப்பு ஒண்ணுதான். வாழ்க்கையில அவங்க எழுதினது அந்த ஒரு வரிதான். நான் அதைப் பார்த்தே முப்பது வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் முதுகு விறைச்சுப் போச்சு. எனக்கில்ல, புக்குக்கு."

"அப்படி என்னதான் எழுதியிருக்காங்க டீச்சர்?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கோ. எனக்கு எண்பத்தொண்ணு ஆகுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே."

சொல்வேனா? சொல்லத் துணிவேனா? ஆனால் நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த வேகத்தில் புத்தக டாக்டர் ஒரு வார்த்தையில் என்னை உட்கார வைத்தார். "அறுபது" என்றார். இந்தப் புத்தகத்தை அறுபது டிகிரிக்கு மேல் திறந்தால் முதுகுத் தையல் விட்டுப் போகும். சுவருக்குச் செங்குத்தாகத் திறந்து நிற்கும் கதவை விடக் குறுகலான திறப்பு. அதற்குள் மடிப்பை எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் தெரியும்.

"அறுபத்தஞ்சு வெச்சுக்கலாமா சார்?"

"அறுபது."

"அறுபத்தொண்ணு?"

"அறுபது." இந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தினாலாவது நாமும் பதிலுக்குச் சத்தம் போடலாம்.

சோர்ந்து போய் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் என் மனைவி கேட்டார்: "ஏங்க, முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். "அதாவது, பேஷண்ட் வாயை முழுசாத் திறக்க மாட்டேங்கறாரு. நீங்க கடைசிப் பல்லைப் பாக்கணும். அவ்வளவுதானே?" என்றார். "இதைத்தானே நான் தினமும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பண்றேன்!" எழுந்து போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் தட்டின் பக்கத்தில் வைத்தார். நீண்ட எஃகுக் காம்பு, அதன் நுனியில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி.

அடடா! எட்டு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே!

மறுநாளே பட்டறையில் வேலை தொடங்கியது. என்னோடு கண்ணாடி அறுப்பவர் என் மனைவியின் தம்பி. என் மச்சான். கண்ணாடியை அறுப்பதில் மச்சானை மிஞ்ச ஆளில்லை. பேச்சை அறுப்பதிலும்தான். அசல் புத்தகம் பட்டறைக்கு வராது, வரவும் கூடாது. ஆகவே மச்சான் ஒரு போலிப் புத்தகம் செய்தார். அதே அளவு, அதே கனம், அறுபதுக்கு மேல் திறக்காத அதே பிடிவாதம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மடிப்பில், அந்த வரி இருக்கும் இடத்தில், அடையாளத்துக்குச் சிவப்பு மையில் அழகாக ஒரு வட்டம் போட்டார்.

வட்டம். இதையும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் ஓடின. ஜாடியில் வென்ற எஃகால் சட்டம். நிழல் விழாத, எதிரொளி அடிக்காத கண்ணாடி. அடித்தட்டில் ஈரத்தை அளவாக வைத்திருக்கும் மணிகள் நிறைந்த ரகசிய இழுப்பறை. புத்தகம் உறுத்தாமல் சாய்ந்துகொள்ளும் தொட்டில். மடிப்புக்கு எதிரே, தாளைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி, பசையோடு பதித்த சின்னக் கண்ணாடி ஒன்று. அந்தப் பசையும் இருபத்தெட்டு நாள் ஜாடியில் கிடந்து தேறி வந்த பசை. போலிப் புத்தகத்தைத் தொட்டிலில் வைத்தோம். விளக்கைப் போட்டோம். கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது சிவப்பு வட்டம்!

மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் மச்சானைக் கட்டிப்பிடித்தேன். என் மனைவி வந்து பார்த்து "குட்" என்றார். அவர் அப்படிச் சொல்வது சொத்தை இல்லாதவர்களிடம் மட்டும்தான். இயக்குநர் ஐயாவுக்கும் புத்தக டாக்டருக்கும் படம் அனுப்பினோம், இருவரும் கட்டை விரலை உயர்த்தி அனுப்பினார்கள். ஐந்து பேர் பார்த்தோம். ஐந்து பேரும் பட்டம் வாங்கியவர்கள். வட்டம் வட்டமாகத்தான் தெரிந்தது. வட்டம் வேறு எப்படித் தெரியும்? முன்னால் பார்த்தாலும் வட்டம், பின்னால் பார்த்தாலும் வட்டம், கண்ணாடியில் பார்த்தாலும் வட்டம்!

என்ன, முதல் வரிசையில் சிலர் இப்போதே தலையில் கை வைக்கிறீர்கள்? உங்களுக்கு அரை நிமிடத்தில் புரிந்தது எங்களுக்கு எட்டு மாதம் புரியவில்லை, பாருங்கள்.

இந்தத் திறப்பு விழாவுக்குப் பதினொரு நாள் முன்பு, அசல் புத்தகத்தை வைத்து ஒத்திகை. புத்தக டாக்டர் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புத்தகத்தைத் தொட்டிலில் கிடத்தினார். டீச்சரை நாற்காலியோடு பேழையின் முன் கொண்டு வந்தோம். நான் திரை விலக்குகிற மாதிரி துணியை விலக்கினேன். டீச்சர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

விசில்!

நீங்கள் அந்தக் கூடத்தில் நின்று அந்த விசிலைக் கேட்டிருக்க வேண்டும். காவலர் ஓடி வந்தார். மச்சான் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். எழுத்து தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் இடம் வலமாகப் புரண்டு தெரிந்தது. கண்ணாடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நாங்கள்தான் வட்டத்தைப் பார்த்து ஏமாந்திருந்தோம்.

என் மனைவி மட்டும் சமாளிக்கப் பார்த்தார். "கொஞ்சம் பழகிட்டாப் படிக்க வந்துடும் டீச்சர். நான் நாள் முழுக்க இப்படித்தான் பாக்கறேன்." ஆனால் டீச்சர் அதற்குள் விசிலைக் கீழே விட்டிருந்தார். கோபித்திருந்தால் தேவலை. மெதுவான குரலில் பேசினார்.

"தம்பி, ஓரத்துல ஆம்பளைங்க எழுதினது எல்லாம் நேரா இருக்கு. எங்கம்மா எழுதினது மட்டும் இப்படி இருந்தா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? எழுதத் தெரியாத பொம்பளை ஏதோ கிறுக்கி வெச்சிருக்கான்னு நினைப்பாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே அவமானமாக இருந்தது. இன்றும், இந்த ஒலிபெருக்கி முன்னால் நின்று சொல்கிறேன், அவமானமாகத்தான் இருக்கிறது.

"நேராத் தெரிஞ்சா புக்கு இங்க இருக்கட்டும். இல்லேன்னா விழா அன்னிக்கு நானே வந்து மடியில வெச்சு வீட்டுக்குக் கொண்டு போயிடறேன்." இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனார். அவர் போனபின் புத்தக டாக்டர் என் காதருகே சொன்னார்: "வீட்டுக்குப் போனா அது ரெண்டு மழைக்காலம் தாங்காது."

மழையை எழுதி வைத்த புத்தகம் மழையாலேயே போவதா? ஒரே ஒரு வரி எழுதியவரின் அந்த ஒரு வரியும் போவதா? அதுவும் எதனால்? நாங்கள் போட்ட ஒரு வட்டத்தால்!

யோசித்தோம், யோசித்தோம், யோசித்துக்கொண்டே இருந்தோம். மச்சான் உருப்பெருக்கி என்றார், ஆகவில்லை. நான் கேமரா என்றேன், டீச்சரின் முகம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். நான்கு நாள் போனது. மிச்சம் ஏழு நாள். ஐந்தாம் நாள் காலை என் மனைவி சொன்னார்: "விழாவுக்கு இந்தத் தலையோடவா வரப் போறீங்க? போய் வெட்டிட்டு வாங்க."

போனேன். கடைக்காரர் வெட்டினார், வழக்கம்போல் அரசியல் பேசினார், போர்த்திய துணியை உதறி எடுத்தார். பிறகு எல்லா முடி திருத்துபவரும் செய்வதை அவரும் செய்தார். ஒரு கைக்கண்ணாடியை என் பிடரிக்குப் பின்னால் பிடித்து, "பின்னாடி சரியா இருக்கா பாருங்க" என்றார். எதிரே சுவரில் பெரிய கண்ணாடி. நான் பிடரியைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தேன். பட்டறைச் சட்டை. முதுகில் எங்கள் பட்டறையின் தொலைபேசி எண் அச்சடித்திருக்கும். அந்த எண் நேராகத் தெரிந்தது! ஏழு ஏழாகத் தெரிந்தது, மூன்று மூன்றாகத் தெரிந்தது. ஒரு கண்ணாடி புரட்டியதை இன்னொரு கண்ணாடி நிமிர்த்திக் கொடுத்திருந்தது.

நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். "ஐயோ, காதுல பட்டுடுச்சா?" என்று பதறினார் அவர். அந்த நல்லவர் இதோ வலது பக்கத் தூண் ஓரம் நின்றுகொண்டிருக்கிறார். ஐயா, கொஞ்சம் கையைத் தூக்குங்கள். இவருக்குத் தட்டுங்கள் கையை! இந்த அருங்காட்சியகத்தின் அறிவியல் ஆலோசகர் இவர்தான்!

பட்டறைக்கு ஓடினேன். "மச்சான்! இன்னொரு கண்ணாடி!"

"மாமா, கண்ணாடி இருக்கு. எதை வெச்சு ஒட்டறது? பழைய பசை தீர்ந்து போச்சு. புதுசு வாங்கினா ஜாடியில வைக்கணும். இருபத்தெட்டு நாள்."

சொன்னேனே, என் தலையில் இறங்கும் என்று? இறங்கியது. இருப்பது ஏழு நாள், கேட்பது இருபத்தெட்டு நாள். புத்தக டாக்டருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே "இருபத்தெட்டு" என்றார்.

அப்போது என் மனைவி, மறுபடியும் என் மனைவிதான், தன் சின்னக் கண்ணாடியை எடுத்து இரண்டு விரலால் திருகினார். கண்ணாடி தனியாகவும் காம்பு தனியாகவும் கையில் வந்தன. "ஏங்க, நாங்க பசை போட்டா ஒட்டறோம்? எஃகுல மரை இருக்கு. திருகினா நிக்கும்." பசையே வேண்டாம்! இரண்டு கண்ணாடிக்கும் எஃகு முதுகு, எஃகு மரை, எஃகுக் காம்பு. பேழையின் சட்டமே எஃகு என்பதால் புதிதாக எதையும் ஜாடியில் வைக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் முடிந்தது. இந்த முறை மச்சான் போலிப் புத்தகத்தின் மடிப்பில் வட்டம் போடவில்லை, எழுத்து எழுதினார். திருகி முடித்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நேராக, தெளிவாகத் தெரிந்தது: 'வட்டம் போட்டவன் நான். மன்னிக்கவும் மாமா.'

மன்னித்தேன் மச்சான். ஊரறிய மன்னித்தேன்.

டாக்டரம்மா கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மூன்று நிமிடம், அம்மா. மூன்றே மூன்று நிமிடம்.

கடைசியாக ஒரு சிக்கல் முளைத்தது. இரண்டு கண்ணாடி வைத்தால் அந்த வரி எல்லா உயரத்திலிருந்தும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கண் இருந்தால்தான் தெரியும். நின்று பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தால் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உட்கார்ந்து பார்ப்பவருக்கு வைத்தால் நிற்பவருக்குத் தெரியாது. நகர்த்திக்கொள்கிற மாதிரி வைக்கலாம் என்றால், பூட்டிய பேழைக்குள் எதுவும் அசையக் கூடாது என்கிறார் புத்தக டாக்டர். யார் கண்ணுக்கு வைப்பது? "பெரும்பாலானவங்க நின்னுதானே பாப்பாங்க" என்றார் இயக்குநர் ஐயா. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். "டீச்சர், கொஞ்சம் நேரா உக்காருங்க" என்று தரையிலிருந்து அவர் கண் வரைக்கும் அளந்தேன். மூன்றே முக்கால் அடி. எட்டு மாதமாக அந்தப் புத்தகத்தை நீளம், அகலம், கனம், கோணம் என்று பதினேழு விதமாக அளந்திருந்தேன். பார்க்க வருகிற மனிதரை ஒருமுறைகூட அளந்ததில்லை. அன்றைக்குத்தான் அளந்தேன். மூன்றே முக்கால் அடியில் கண்ணாடிகளைத் திருகி நிறுத்தினேன். இயக்குநர் ஐயா வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். பெரிய மனது ஐயா உங்களுக்கு!

இன்று காலை, நீங்கள் யாரும் வருமுன், டீச்சரை உள்ளே அழைத்துப் போனோம். புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டுபோகத் துண்டோடுதான் வந்திருந்தார். நாற்காலியைப் பேழை முன் நிறுத்தினோம். நாங்கள் ஐந்து பேரும் சுவரோரம் நின்றோம். மச்சானின் உதடு ஏதோ முணுமுணுத்தது. டீச்சர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விசில் வரவில்லை. நேரம் போகப் போக எனக்கு விசிலே வந்தால் தேவலை என்று ஆகிவிட்டது.

பிறகு அவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

'சொல்லுங்க, சொல்லுங்க' என்கிறீர்கள். சொல்லலாமா டீச்சர்? தலையசைக்கிறார். சொல்கிறேன். அந்தக் குறுகிய இடத்தில் ஒரு சொல்லுக்குக் கீழ் ஒரு சொல்லாக, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்தி, அந்தத் தாய் எழுதியது இதுதான்:

'இன்று முதல் மழை. பாப்பா நனைந்தாள். சிரித்தாள். நான் எழுதினேன்.'

அந்தப் பாப்பாதான் இதோ முன் வரிசையில் எண்பத்தொரு வயதில் உட்கார்ந்திருக்கிறார்.

தாய்மார்களே! பெரியோர்களே! நான்கு தலைமுறை ஆண்கள் அந்த ஓரத்தில் எழுதினார்கள். எந்தக் காற்று என்று எழுதினார்கள். எத்தனை நாழிகை என்று எழுதினார்கள். எவரேனும் தன் குழந்தை நனைந்ததை எழுதினாரா? எவரேனும் அது சிரித்ததை எழுதினாரா? 'நான் எழுதினேன்' என்று எவரேனும் எழுத வேண்டியிருந்ததா? அவர்கள் எழுதியதை யாரும் சந்தேகப்படவில்லை! இந்தப் பெண்ணுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. யார் படிப்பார்கள் என்று தெரியாமல், எப்போது படிப்பார்கள் என்று தெரியாமல், மடிப்புக்குள் ஒளிந்திருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுதினேன்! என் கையால் எழுதினேன்! இடம் தரவில்லை, ஆனாலும் எழுதினேன்! இதைக் காட்டுவதற்கு எட்டு மாதம் போதுமா? எண்பது மாதம் ஆனாலும் இழைத்திருப்பேன்! இருபத்தெட்டு நாள் இருபத்தெட்டு முறை ஆனாலும் காத்திருந்திருப்பேன்!

படித்து முடித்ததும் டீச்சர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடித்து மடியில் வைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "ம். எல்லாரையும் வரிசையா வரச் சொல்லு. யாரும் முண்டக் கூடாது."

ஆகவே அன்பர்களே, வரிசையாக வாருங்கள். குட்டிச் செல்வங்களே, நீங்கள் நின்ற இடத்திலேயே உங்களுக்குத் தெரியும், நெற்றியைக் கண்ணாடியில் தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள், துப்புரவுத் தோழர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களே, பதவியில் இருப்பவர்களே, என்னைப் போல் வளர்ந்து கெட்டவர்களே, நின்றபடி பார்த்தால் உங்களுக்கு வெறும் கண்ணாடிதான் தெரியும்.

எனக்கு இடம் தந்த இயக்குநர் ஐயாவுக்கும், ஒரு டிகிரிகூட விட்டுத்தராத புத்தக டாக்டருக்கும், மச்சானுக்கும், தூண் ஓரம் நிற்கும் முடி திருத்துபவருக்கும், இரண்டு முறை என்னைக் காப்பாற்றிய என் மனைவிக்கும் நன்றி. மேடை ஏறியபோது ஒரு வணக்கம் சொன்னேன். இறங்கும்போது சொல்ல வேண்டிய வணக்கத்தை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உள்ளே வாருங்கள். மூன்றே முக்கால் அடிக்கு நாம் எல்லோரும் சேர்ந்து குனிவோம்.